கைக்காசு போட்டுக் காத்த அஞ்சலகம்

பால்டிமோர் போஸ்ட்மாஸ்டர் மேரி கேத்தரின் காடர்ட், 1775–1789
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அஞ்சல் துறையில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் நினைவாக அவருடைய மக்கள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அஞ்சல் வரலாறு என்றதும் ரோலண்ட் ஹில், 1840இல் வந்த பென்னி பிளாக் தபால்தலை என்று பெரிய சீர்திருத்தங்களுக்கே போய்விடுகிறோம். ஓர் ஊரில் காலையில் கதவைத் திறந்து, பையை அவிழ்த்து, கடிதத்தை உரியவர் கையில் சேர்த்த போஸ்ட்மாஸ்டருக்கு அந்த வரலாற்றில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிப் பேசுவதே இந்த மேடைக்குப் பொருத்தம் என்று நினைத்தேன்.

அவர் பெயர் மேரி கேத்தரின் காடர்ட். அமெரிக்காவில், மேரிலாந்தின் துறைமுக நகரான பால்டிமோரில், 1775 முதல் 1789 வரை பதினான்கு ஆண்டுகள் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். அமெரிக்காவின் முதல் பெண் போஸ்ட்மாஸ்டர் என்று அவரைச் சொல்வார்கள். நம் சென்னையில் ஜார்ஜ் கோட்டையில் 1786இல் அஞ்சலகம் திறந்தபோது அவர் பால்டிமோரில் பதினோராம் ஆண்டுப் பணியில் இருந்தார்.

ஆனால் ‘முதல் பெண்’ என்று மாலை போட்டுவிட்டு நகர்ந்தால் அவர் செய்த வேலை மறைந்துபோகும். நான் சொல்ல வருவது வேறு. எந்தப் பொதுப்பணியும் தொடங்கிய புதிதில் யாரோ ஒருவருடைய கைக்காசிலும் நல்ல பெயரிலும்தான் ஓடுகிறது. வருமானம் வரத் தொடங்கியதும் அரசு அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. முன்பு போட்ட காசுக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. காடர்டின் பதினான்கு ஆண்டுகள் இதற்குச் சான்று.

1. அச்சும் அஞ்சலும் ஒரே வீட்டில்

காடர்ட் 1738இல் கனெக்டிகட்டில் பிறந்தார். தந்தை கைல்ஸ் காடர்ட் மருத்துவர். நியூ லண்டன் ஊரின் போஸ்ட்மாஸ்டரும் அவரே. தாய் சாரா அப்டைக் அந்தக் காலத்துப் பெண்களில் அதிகம் படித்தவர். தம்பி வில்லியம் இரண்டு வயது இளையவர். தந்தை இறந்தபின் 1762இல் குடும்பம் பிராவிடன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாய் கொடுத்த பணத்தில் வில்லியம் அங்கே அச்சகம் வைத்தார். அந்த ஊருக்கே அதுதான் முதல் அச்சகம்.

வில்லியம் திறமைசாலி; ஆனால் ஓரிடத்தில் கால் தரிக்காதவர். ஒரு பத்திரிகையைத் தொடங்குவார், கடன்படுவார், யாருடனாவது மோதுவார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். விட்டுப்போனதைத் தாயும் அக்காவும் எடுத்து நடத்துவார்கள். பிராவிடன்ஸில் அப்படித்தான் நடந்தது; 1768க்குப் பிறகு பிலடெல்பியாவிலும் அப்படியே. 1770இல் தாய் இறந்தார். 1773 ஆகஸ்டில் வில்லியம் பால்டிமோரில் ‘மேரிலாந்து ஜர்னல்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு அக்காவும் அங்கே வந்து பொறுப்பேற்றார். 1775 மே 10 இதழில் வெளியிடுபவர் எம். கே. காடர்ட் என்ற வரி முதன்முதலாக அச்சானது. அச்சுக் கோப்பது, தாள் வாங்குவது, சந்தாப் பணம் வசூலிப்பது என்று எல்லா வேலையும் அப்போது அவருக்குக் கைவந்திருந்தன.

அஞ்சலும் அச்சும் அந்த நாளில் ஒரே கையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. வெளியூர்ச் செய்தி தபால் பையில்தான் வரும். அச்சிட்ட பத்திரிகை தபால்காரரின் குதிரையில்தான் வெளியூர் போகும். போஸ்ட்மாஸ்டர் பத்திரிகையும் நடத்தினால் இரண்டும் அவர் பிடியில். பெஞ்சமின் பிராங்க்ளின் இதை நேரில் அனுபவித்தவர். பிலடெல்பியாவில் அவருக்கு முன் போஸ்ட்மாஸ்டராக இருந்த ஆண்ட்ரூ பிராட்போர்டு போட்டிப் பத்திரிகைக்காரர். பிராங்க்ளினின் பத்திரிகையைக் குதிரைக்காரர்கள் கொண்டுபோகக் கூடாது என்று தடுத்துவிட்டார். குதிரைக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துத்தான் பிராங்க்ளின் தன் பத்திரிகையை அனுப்பினார். 1737இல் அந்தப் பதவி பிராங்க்ளினுக்கே வந்தது.

2. அரசரின் தபாலுக்கு மாற்று

பிரிட்டிஷ் அரசின் தபால், பத்திரிகைகளுக்கு விதித்த கட்டணத்தால் காடர்ட் குடும்பமும் அடிபட்டது. 1774 ஜனவரியில் பிராங்க்ளினை அரசு அஞ்சல் பதவியிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் வில்லியம் ஊர் ஊராகப் போய், குடியேற்ற மக்களே நடத்தும் தனித் தபால் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். ‘அரசியலமைப்புத் தபால்’ என்று அதற்குப் பெயர். சந்தாதாரர் பணத்தில் ஓடியது. கடிதங்களை அரசு ஆட்கள் பிரித்துப் படிக்க முடியாது என்பது அதன் கவர்ச்சி. ஓராண்டுக்குள் வடக்கே போர்ட்ஸ்மவுத் முதல் தெற்கே வில்லியம்ஸ்பர்க் வரை அஞ்சலகங்கள் ஏற்பட்டுவிட்டன.

1775 ஜூலை 26 அன்று, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அவை இந்த ஏற்பாட்டையே தன் தபாலாக ஏற்று, பிராங்க்ளினைத் தலைமைப் போஸ்ட்மாஸ்டராக நியமித்தது. வில்லியமுக்குக் கிடைத்தது சர்வேயர் பதவி: குதிரையேறிப் பாதைகளையும் அஞ்சலகங்களையும் பார்த்து வரும் வேலை. அக்காவுக்குப் பால்டிமோர் அஞ்சலகம். தம்பி குதிரை மேல், அக்கா மேசை முன். இந்த வேலைப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1789இல் இது நமக்குத் தேவைப்படும்.

3. மேசைக்கு அந்தப் பக்கம்

அன்று போஸ்ட்மாஸ்டர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு முத்திரை வைத்து, மேலே முகவரி எழுதுவார்கள். தபால்தலை கிடையாது, அமெரிக்க அரசு தபால்தலை வெளியிட்டது 1847இல்தான். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்துவார்.

கட்டணம் இரண்டைப் பொறுத்தது: தூரம், தாள்களின் எண்ணிக்கை. ஒரு தாளென்றால் ஒரு மடங்கு, இரண்டென்றால் இரு மடங்கு. மடித்து ஒட்டிய கடிதத்துக்குள் இன்னொரு தாள் ஒளிந்திருக்கிறதா என்று மெழுகுவர்த்திக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதுண்டு. பிறகு கட்டணத்தைக் கடிதத்தின் முகப்பிலேயே மையால் எழுதுவார்கள். எந்த நாணயத்தில் எழுதுவது? மேரிலாந்துக்கு ஒரு கணக்கு, பென்சில்வேனியாவுக்கு ஒரு கணக்கு, கையில் புழங்குவதோ பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி டாலர். அதனால் கட்டணத்தை வெள்ளியின் எடையாகவே குறித்தார்கள். 1782 சட்டப்படி 60 மைலுக்குள் போகும் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு ஒரு பென்னிவெயிட் எட்டு கிரெய்ன் வெள்ளி. 24 கிரெய்ன் ஒரு பென்னிவெயிட். இதை, கடிதம் வாங்க வந்தவர் கையிலிருக்கும் காசுக்கு மாற்றிச் சொல்ல வேண்டியவர் போஸ்ட்மாஸ்டர். அவர் மனக்கணக்கில் பிசகினால் நஷ்டம் அவருக்குத்தான். கடிதத்தை வாங்க யாரும் வராவிட்டால் காசும் வராது. ஆனால் அதைச் சுமந்து வந்த குதிரைக்காரருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். வாங்கப்படாத கடிதங்களின் பட்டியலைப் பத்திரிகையில் போடுவது வழக்கம். காடர்டுக்கு அந்தப் பத்திரிகையும் கையிலேயே இருந்தது.

போஸ்ட்மாஸ்டருக்குச் சம்பளம் இல்லை. வசூலில் ஒரு பங்கு தரகு. அலுவலகத்துக்கென்று அரசுக் கட்டடமும் இல்லை. காடர்டின் அச்சகம், புத்தகக் கடை, எழுதுபொருள் கடை, அஞ்சலகம் எல்லாம் ஒரே நிர்வாகம்.

4. பணம் காகிதமான காலம்

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர்க்காலத்தில் காங்கிரஸ் அச்சிட்ட நோட்டுக்கு மதிப்புச் சரிந்தது. 1780 மார்ச்சில் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது. கடிதத்துக்குக் காகிதம் வாங்கிப் போட்டுக்கொண்டு குதிரைக்காரருக்கும் காகிதத்தைக் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். அவருடைய குதிரைக்குக் கொள் வேண்டும், லாடம் வேண்டும். ஆகவே அவர்களுக்கு வெள்ளியாகக் கொடுத்தார் காடர்ட். அந்த வெள்ளி அரசுக் கஜானாவிலிருந்து வந்ததில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுதிய மனுவில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்: வேறு வழியில் செலவை ஈடுகட்ட முடியாத ஆண்டுகளில், குதிரைக்காரர் கூலியைத் தன் சொந்தப் பணத்தில் கொடுத்துத் தபாலை நிறுத்தாமல் நடத்தினேன் என்று.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அச்சகத்திலிருந்தும் கடையிலிருந்தும். அங்கேயும் நிலைமை கஷ்டம்தான். காகிதம் கிடைக்கவில்லை, காகிதம் செய்யக் கந்தல் லினன் துணி கொடுங்கள் என்று வாசகர்களிடமே கேட்க வேண்டியிருந்தது. சந்தாவுக்குப் பணம் இல்லாதவர்கள் மாவும் வெண்ணெயும் இறைச்சியும் தேன்மெழுகும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ஒரு நாட்டின் தபால் அந்த ஊரில் மாவுக்கும் வெண்ணெய்க்கும் ஓடியிருக்கிறது என்றால் மிகையில்லை.

5. 1777 ஜனவரி

1776 டிசம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவை நெருங்கியதால் காங்கிரஸ் பால்டிமோருக்கு ஓடிவந்தது. டிசம்பர் 20 முதல் பிப்ரவரி இறுதி வரை அங்கேதான் கூடியது. 1776 ஜூலையில் ஜான் டன்லப் அச்சிட்ட அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் காங்கிரஸ் தலைவர் ஜான் ஹான்காக்கின் பெயரும் செயலாளர் சார்லஸ் தாம்சனின் பெயரும் மட்டுமே இருந்தன. ஆகஸ்டில் கையெழுத்திட்ட மற்றவர்கள் யார் என்பதை அதிகாரபூர்வமாக அச்சில் வெளியிடவில்லை. கையெழுத்திட்டவருக்கு ராஜத்துரோகக் குற்றம் காத்திருந்தது. அப்போது போரும் தோல்வி முகத்தில் இருந்தது. டிரென்டனிலும் பிரின்ஸ்டனிலும் வாஷிங்டன் வென்ற பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. 1777 ஜனவரி 18 அன்று, கையெழுத்திட்டவர் பெயர்களோடு பிரகடனத்தை அச்சிட்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் அனுப்பும்படி காங்கிரஸ் ஆணையிட்டது.

வேலை காடர்டிடம் வந்தது. தாமஸ் மக்கீன் ஒருவர் தவிர மற்றவர் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. பத்திரிகையில் எம். கே. காடர்ட் என்று தலைப்பெழுத்துகளோடு நின்றவர், இந்தத் தாளின் அடியில் மேரி கேத்தரின் காடர்ட் என்று முழுப்பெயரையும் அச்சிட்டார். துரோகக் குற்றத்துக்கு ஆளானவர்களின் பட்டியலுக்குக் கீழே ஓர் அரசு ஊழியரின் பெயர், ஊரின் பெயரோடு. கைது செய்ய வருபவருக்கு முகவரி தேட வேண்டிய வேலைகூட இல்லை.

இந்த நிகழ்ச்சிக்காகத்தான் வரலாற்று நூல்கள் அவரை நினைவில் வைத்திருக்கின்றன. தவறில்லை. ஆனால் ஒரு நாள் துணிச்சலுக்குக் கிடைக்கும் இடம், பதினான்கு ஆண்டு ஒழுங்குக்குக் கிடைப்பதில்லை. மக்கள் அவரை மதித்ததற்குக் காரணம் அந்த ஒழுங்குதான் என்பது அடுத்துச் சொல்லப்போவதில் தெரியும்.

6. 1789

1784 ஜனவரியில் தம்பி பத்திரிகையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அக்காவுக்கும் தம்பிக்கும் மனக்கசப்பு முற்றி, இருவரும் போட்டிப் பஞ்சாங்கங்கள் வெளியிடும் அளவுக்குப் போனது. காடர்டிடம் மிஞ்சியவை புத்தகக் கடையும் அஞ்சலகமும். போர் முடிந்து வணிகம் பெருகியது; 1790 கணக்கெடுப்பில் பால்டிமோரில் 13,503 பேர். செலவு வைத்த அஞ்சலகம் வருமானம் தரத் தொடங்கிய காலம் இது.

புதிய அரசியலமைப்பின்படி வாஷிங்டன் குடியரசுத் தலைவரானார். 1789 செப்டம்பரில் சாமுவேல் ஆஸ்குட் தலைமைப் போஸ்ட்மாஸ்டர் ஆனார். பிராங்க்ளின், அவர் மருமகன் ரிச்சர்டு பேச், எபனேசர் ஹசார்டு என்று மூன்று தலைமைகளின் கீழ் வேலை பார்த்த காடர்டை நான்காவது தலைமை வந்த சில வாரங்களில் நீக்கியது. அவர் இடத்துக்கு அனாபொலிஸ் நகரத்து ஜான் வைட் வந்தார்.

புகார் ஏதுமில்லை. கணக்கில் குறை என்றோ கடிதம் தாமதம் என்றோ யாரும் சொல்லவில்லை. சொன்ன காரணம் ஒன்றே: பால்டிமோர் போஸ்ட்மாஸ்டர் இனித் தெற்கே உள்ள அஞ்சலகங்களையும் மேற்பார்வையிட வேண்டியிருக்கும், அதற்கு ஒரு பெண்ணால் இயலாத அளவு பயணம் தேவைப்படும்.

நவம்பரில் பால்டிமோர் வணிகரும் குடிமக்களும் இருநூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு, அவரையே மீண்டும் நியமிக்கும்படி மனு அனுப்பினார்கள். இவர்கள் அவருடைய உறவினர்களோ கட்சிக்காரர்களோ அல்ல. சரக்கு விலையும் கப்பல் வருகையும் உண்டியலும் கடிதத்தில் வருவதால் தபால் ஒரு நாள் பிந்தினாலும் பணம் இழக்கக்கூடியவர்கள். ஒரு போஸ்ட்மாஸ்டருக்கு இதைவிடக் கறாரான தேர்வுக் குழு இருக்க முடியாது. டிசம்பர் 23 அன்று காடர்டே வாஷிங்டனுக்கு எழுதினார். 1790 ஜனவரி 6 அன்று பதில் வந்தது: தன் பொறுப்பில் இல்லாத நியமனங்களில் தலையிடுவதில்லை என்பது தன் வழக்கம், விஷயம் தலைமைப் போஸ்ட்மாஸ்டரிடம் போகும் என்று. ஆஸ்குட் மனம் மாறவில்லை. அந்த மாதமே செனட்டுக்கும் மனு கொடுத்தார் காடர்ட். பலன் இல்லை.

7. எதிர்த்தரப்பின் நியாயம்

ஆஸ்குட் தரப்பையும் கேட்க வேண்டும். அவருக்கு வந்து சேர்ந்தது நாடு முழுவதற்கும் சுமார் 75 அஞ்சலகங்கள் கொண்ட ஒரு துறை. தெற்கே பாதைகள் நீளம், ஆட்கள் குறைவு. பால்டிமோர் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று நினைத்ததில் பிழை இல்லை. வாஷிங்டன் சொன்ன கொள்கையும் நல்ல கொள்கைதான்; ஒவ்வொரு ஊர்ப் பதவிக்கும் குடியரசுத் தலைவரே சிபாரிசு செய்யத் தொடங்கினால் ஆட்சி நடக்காது.

ஆனாலும் வாதம் நிற்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் தெற்கே குதிரையில் போய்விட்டால், பால்டிமோரில் தபால் பையை அவிழ்ப்பது யார்? மேசை வேலையும் மேற்பார்வைப் பயணமும் ஒருவரே ஒரே நேரத்தில் செய்யக் கூடியவை அல்ல. ஆண் என்றாலும் அப்படித்தான். இது அந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. 1775இல் தம்பிக்கு சர்வேயர் வேலையையும் அக்காவுக்கு மேசையையும் கொடுத்தபோது இரண்டும் தனித்தனி வேலைகள் என்று தெரிந்தே கொடுத்தார்கள். அன்று தெரிந்தது பதினான்கு ஆண்டுகளில் மறந்துபோயிற்று. சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் தடை இருந்ததா என்றால் அதுவும் இல்லை: 1792இல், மூன்றே ஆண்டுகளில், வட கரோலினாவின் ஹெர்ட்போர்டு ஊருக்கு சாரா டிக்ரோ என்ற பெண்ணை அதே துறை போஸ்ட்மாஸ்டராக நியமித்தது.

8. இன்னொரு கணக்கு

காடர்ட் அதன்பின் இருபது ஆண்டுகள்போலப் புத்தகக் கடை நடத்தி, 1816 ஆகஸ்டில், 78ஆம் வயதில் மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய உயில் ஒரு செய்தி சொல்கிறது. தன் வீட்டில் அடிமையாக இருந்த பெலிண்டா ஸ்டார்லிங் என்ற பெண்ணுக்கு விடுதலை அளித்து, தன் உடைமைகளையும் அவருக்கே எழுதிவைத்தார்.

நெகிழ்ந்து கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம். உழைப்புக்கு உரிய பலன் தரவில்லை என்று வாஷிங்டனிடமும் செனட்டிடமும் நியாயம் கேட்டவர் வீட்டில், கூலி இல்லாமல் உழைத்த ஒருவர் இருந்திருக்கிறார். ‘எல்லா மனிதரும் சமம்’ என்ற பிரகடனத்தை அச்சிட்ட கை அது. உயில் அந்தக் கடனைத் தாமதமாக ஒப்புக்கொள்கிறது. தீர்த்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லலாம். பால்டிமோர் அஞ்சலகத்தைத் தாங்கிய கைக்காசு என்று இதுவரை நான் சொன்னதில் பெலிண்டா ஸ்டார்லிங் போன்றோரின் உழைப்பும் அடக்கம். யார் காசு என்று கேட்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது.

9. நமக்கு

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் திறப்பு விழாக் கல்வெட்டையும் தலைவர்கள் பட்டியலையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தொடக்க ஆண்டுகளின் வரவு செலவைப் பாருங்கள். செலவுக்கு வரவு போதாத ஆண்டுகளில் இடைவெளியை யார் நிரப்பினார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது மனுக்களிலும் புகார்க் கடிதங்களிலும் உயில்களிலும்தான் கிடைக்கும். காடர்டின் கைக்காசுக் கதை நமக்குத் தெரிவதும் அவர் மனு எழுதியதால்தான். எழுதாமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இது இருநூறு ஆண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கதை மட்டும் அல்ல. நம் கிராமங்களில் கிளை அஞ்சலகம் பல இடங்களில் ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கிறது. கிராம அஞ்சல் ஊழியர் என்ற பெயரில் வேலை பார்க்கும் கிளைப் போஸ்ட்மாஸ்டரே அலுவலகத்துக்கு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. வழக்கமான அரசுப் பணியாளர் வரிசைக்கு வெளியே நின்றுகொண்டு சேமிப்புக் கணக்கும் ஓய்வூதியமும் மணியார்டரும் ஊராருக்குக் கொண்டுசேர்ப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய சம்பளம், ஓய்வூதியம் பற்றிய பேச்சு வரும்போது அதைச் சலுகை கேட்பதாக நினைக்காமல், பழைய கணக்கில் விட்டுப்போன பத்தியை எழுதிக் கேட்பதாக நாம் நினைக்க வேண்டும். பால்டிமோர் வணிகர்களும் குடிமக்களும் இருநூறு பேர் அப்படி நினைத்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். அவர்கள் தோற்றது கோரிக்கையின் பலவீனத்தால் அல்ல. நம் ஊர்களில் அப்படிக் கையெழுத்துப் போட இருநூறு பேர் உண்டா என்பதை இந்த அவை யோசிக்கட்டும்.